5% உப்பு, 5% சர்க்கரை, 5% கிளிசரின்: ரியோ இலைத்தோலில் மூன்றும் மூன்று விதம், ஏன்?

ரியோஇலை கேட்டது:

பிளஸ் ஒன் தாவரவியல் செய்முறையில் பிளாஸ்மா சிதைவு (நீர் வெளியேறி, செல்லின் உட்பகுதி சுருங்கிச் சுவரை விட்டு விலகுவது) காட்டுவதற்காக, ரியோ என்ற அலங்காரச் செடியின் ஊதா நிற இலைக் கீழ்ப்புறத் தோலை உரித்து மூன்று கரைசல்களில் வைத்துப் பார்த்தோம். மூன்றும் 5 சதவீதம்தான். 5 கிராம் பொருள், மொத்தம் 100 மி.லி. அறை வெப்பநிலை 30 டிகிரி. கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரமும் வாசலின் தடவியிருந்தது, அதனால் ஸ்லைடு காய்ந்து வந்த மாற்றம் இல்லை.

உப்பில் ஒரு நிமிடத்துக்குள் ஊதா நிறப் பகுதி செல்சுவரை விட்டு விலகி உருண்டுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துக் காய்ச்சி வடித்த நீரை விட்டால் பாதிக்கு மேல் செல்கள் மீளவில்லை. கொஞ்சம் விரிகின்றன, பிறகு சட்டென்று நிறம் போய் வெளிறிவிடுகின்றன.

சர்க்கரையில் அரை மணி நேரம் ஆகியும் எந்த மாற்றமும் இல்லை.

கிளிசரினில் இரண்டு மூன்று நிமிடத்தில் நன்றாகச் சுருங்குகிறது. ஆனால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல், பெரும்பாலான செல்கள் தாமாகவே பழையபடி நிரம்பிவிட்டன.

செல் சவ்வு அரை ஊடுருவு சவ்வு, சிறிய மூலக்கூறை விடும், பெரியதைத் தடுக்கும் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியானால் சோடியம் அயனி கிளிசரினைவிடச் சிறியது, அதுதானே முதலில் உள்ளே போக வேண்டும்? மாணவர்களுக்கு இதை எப்படி விளக்குவது?


கரைசல்மேசை:

வணக்கம் சார். முதலில் சதவீதத்தை ஒதுக்கி வையுங்கள், குழப்பத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. சவ்வூடு பரவலுக்கு (சவ்வின் வழியே நீர் செறிவு கூடிய பக்கம் போவது) கிராம் கணக்கு கிடையாது, கரைசலில் எத்தனை துகள் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

சோடியம் குளோரைடின் மூலக்கூறு எடை 58.44. லிட்டருக்கு 50 கிராம் என்றால் 0.86 மோலார் (லிட்டருக்கு 0.86 மோல்). அது நீரில் இரண்டாகப் பிரிகிறது, ஆக துகள் கணக்கில் சுமார் 1.7. கிளிசரின் 92, பிரியாது, 0.54 மோலார். சர்க்கரை 342, பிரியாது, வெறும் 0.146 மோலார். நீங்கள் ஒரே செறிவு என்று நினைத்து வைத்த மூன்றில் உப்பு சர்க்கரையைப் போலப் பன்னிரண்டு மடங்கு வலுவானது.

ரியோவின் கீழ்த்தோல் செல்சாறு பெரும்பாலும் 0.2 முதல் 0.3 மோலார் சர்க்கரைக் கரைசலுக்கு ஈடாக நிற்கும். இலையின் வயது, செடிக்கு எப்போது நீர் விட்டது என்பதைப் பொறுத்து கொஞ்சம் நகரும். இப்போது பாருங்கள்: உங்கள் 5% சர்க்கரை செல்சாற்றைவிட நீர்த்தது. அதில் செல் சுருங்க வழியே இல்லை. தண்ணீர் உள்ளேதான் போயிருக்கிறது, செல் விறைப்பாக இருந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அழுத்தக் கணக்கில் சொல்ல வேண்டுமானால், 27 டிகிரியில் துகள் செறிவை 25ஆல் பெருக்கினால் ஏறக்குறைய பார் அலகில் வந்துவிடும்: உப்பு 42, கிளிசரின் 13.5, சர்க்கரை 3.6.

இந்தச் செடிக்கும் இந்தக் கணக்குக்கும் நெடுநாள் உறவு. தாவரவியலாளர் ஹ்யூகோ டி வ்ரீஸ் 1884இல் இதே ரியோ தோலை வைத்துத்தான் (அப்போது டிரடெஸ்கான்ஷியா டிஸ்கலர் என்று பெயர்) எந்தக் கரைசல் எதற்கு ஈடு என்று அளந்தார். பொட்டாசியம் நைட்ரேட் ஒரு மூலக்கூறுக்கு 3 என்றால் சர்க்கரைக்கு 2 என்று அவருக்கு விகிதம் கிடைத்தது. வேதியியலாளர் வான்ட் ஹாஃப் தன் சவ்வூடு பரவல் அழுத்தக் கோட்பாட்டைக் கட்டியபோது கையில் இருந்த அளவீடுகளில் இதுவும் ஒன்று. உப்பு நீரில் பிரிகிறது என்ற கருத்துக்கும் இது கைகொடுத்தது. ஒரு இலைத்தோல், ஒரு நுண்ணோக்கி, அவ்வளவுதான் கருவி. மாணவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சந்தேகம்: கிளிசரினை 5 கிராம் எடைபோட்டீர்களா, 5 மி.லி. ஊற்றினீர்களா? அதன் அடர்த்தி 1.26. ஊற்றியிருந்தால் அது 6.3 கிராம், 0.68 மோலார். பெரும்பாலான ஆய்வகங்களில் இந்த இடத்தில்தான் தவறுகிறது.

கிளிசரினில் தானாக மீண்டதற்கு என் கணக்கில் பதில் இல்லை. அது சவ்வின் வேலை, தெரிந்தவர்கள் வருவார்கள்.


ஈரடுக்கு:

“சிறியதை விடும், பெரியதைத் தடுக்கும்” என்ற வாக்கியத்தைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் சார். சவ்வைச் சல்லடையாக நினைக்கும் வரை உங்கள் மூன்று ஸ்லைடுகளும் புதிராகத்தான் இருக்கும். அது துளையுள்ள துணி அல்ல, மெல்லிய எண்ணெய்ப் படலம். எண்ணெயில் கரையுமா என்பதுதான் முதல் கேள்வி, அளவு அதற்குப் பிறகுதான்.

படலம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் இது விளங்கிவிடும். பாஸ்போலிப்பிடு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலை ஒன்று, நீரை ஒதுக்கும் கொழுப்பு வால் இரண்டு. நீரில் போட்டால் வால்கள் ஒன்றோடொன்று ஒட்டி நடுவில் ஒளிந்துகொள்ளும், தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்கும். இரண்டு அடுக்கும் சேர்ந்து சுமார் 5 நானோமீட்டர். புரதமும் சேர்த்தால் 7 முதல் 8. இரண்டு அடுக்கு என்பதைக் கோர்ட்டரும் கிரெண்டலும் 1925இல் கண்டார்கள்: சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்மேல் ஒற்றைப் படலமாகப் பரப்பினால் அது செல்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு இடத்தை அடைத்தது.

இனி ஒவ்வொரு பொருளாக அந்த 5 நானோமீட்டர் எண்ணெயைக் கடக்க வைத்துப் பாருங்கள். ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு இரண்டும் எண்ணெயில் கரையும், தடையே இல்லை. சோடியம் அயனி தனியாக இல்லை, தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. எண்ணெய்க்குள் போக வேண்டுமானால் அந்த நீர்ப் போர்வையைக் கழற்ற வேண்டும், அதற்கு ஆகும் ஆற்றல் மிக அதிகம். அதனால்தான் வெறும் லிப்பிடு படலத்தில் சோடியத்தைவிட நீர் ஏறக்குறைய நூறு கோடி மடங்கு வேகமாகக் கடக்கிறது. கிளிசரினுக்கு மின்சுமை இல்லை. மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதால் எண்ணெய் பிடிக்காது, ஆனாலும் மெதுமெதுவாக நழுவிவிடும். சர்க்கரைக்கு எட்டு ஹைட்ராக்சில், உருவமும் பெரியது, ஸ்லைடு வைத்திருக்கும் நேரத்தில் உள்ளே போவது கணக்கில் வராது.

உங்கள் கிளிசரின் ஸ்லைடில் நடந்தது இதுதான். முதல் இரண்டு நிமிடத்தில் நீர் வேகமாக வெளியேறியது, கிளிசரின் இன்னும் வாசலில் நின்றது, செல் சுருங்கியது. அப்புறம் கிளிசரின் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வர வர உட்செறிவு ஏறியது, பின்னாலேயே நீரும் வந்தது, செல் நிரம்பியது. நீர் வேகம், கிளிசரின் மந்தம். இரண்டு வேகங்களின் வித்தியாசம் கண்முன்னே தெரிகிற ஸ்லைடு இது. தவறான முடிவு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மூன்றிலும் அதிகம் கற்றுத்தருவது இதுதான்.

அளவு முக்கியம் என்று இன்னமும் யாராவது வாதிட்டால் பொட்டாசியம் கால்வாயை, அதாவது பொட்டாசியம் கடந்து போகச் சவ்வில் இருக்கும் புரத வழியை, காட்டுங்கள். சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறிய அயனி. ஆனால் அந்தக் கால்வாய் பத்தாயிரம் பொட்டாசியத்தை விட்டால் ஒரு சோடியத்தைத்தான் விடும். ரோடரிக் மெக்கின்னன் 1998இல் அதன் வடிவத்தை வெளியிட்டபோது காரணம் தெரிந்தது. குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக நிற்கின்றன. பொட்டாசியம் தன் நீர்ப் போர்வையைக் கழற்றினால் இந்த ஆக்சிஜன்கள் சரியாக அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சோடியம் சிறியது என்பதால் எல்லா ஆக்சிஜனையும் ஒரே நேரத்தில் தொட முடியாது, போர்வையைக் கழற்றினால் அதற்கு நட்டம், அதனால் உள்ளே வருவதில்லை.

அடுத்து, உப்பில் நிறம் போனது. ஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமி, அது வாக்குவோலுக்குள் (செல்லுக்குள் சாறு நிறைந்த பை) இருக்கிறது. வெளியே வர வேண்டுமானால் வாக்குவோல் சவ்வான டோனோபிளாஸ்ட், பிறகு செல் சவ்வு, இரண்டும் கிழிய வேண்டும். ஆகவே வெளிறிய செல் செத்த செல். எப்போது கிழிந்தது என்பதில்தான் விஷயம். சுருங்கும்போது கிழியவில்லை, நீர் விட்டபோதுதான் கிழிந்திருக்கிறது.

செல்சாறு 0.25 என்று வைத்தால், 1.7 செறிவுள்ள உப்பில் உயிர்மம் (செல்சுவருக்குள் சவ்வு சூழ்ந்த உயிருள்ள பகுதி) ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கன அளவுக்குச் சுருங்கும். மிச்சமாகும் சவ்வு அப்படியே மடிந்து கிடக்காது, சிறு சிறு பைகளாக உள்ளே இழுக்கப்பட்டுவிடும். பழைய அளவுக்குத் திரும்ப மேற்பரப்பு மூன்று மடங்குக்கு மேல் கூட வேண்டும். உள்ளே போன பைகள் திரும்பி வந்து சேர நேரம் பிடிக்கும். நீங்களோ தூய நீரை ஒரேயடியாக விட்டுவிட்டீர்கள். லிப்பிடு படலம் பக்கவாட்டில் எளிதாக வழுக்கும், ஆனால் இழுத்தால் சில சதவீதத்துக்கு மேல் நீளாது, கிழிந்துவிடும். பனிக்கட்டியில் உறைந்த பயிர் உருகும்போது சாவதிலும் இதே காரணத்துக்குப் பங்கு உண்டு.


ரியோஇலை:

மிக்க நன்றி. கிளிசரின் எடைபோட்டதுதான், ஊற்றவில்லை. இரண்டு கேள்விகள் மிச்சம். ஒன்று, செல் உயிரோடு மீளும்படி செய்முறையை எப்படி மாற்றுவது? மற்றொன்று, சவ்வு எண்ணெய் என்றால் நீர் மட்டும் எப்படி அவ்வளவு வேகமாகப் போகிறது?


கரைசல்மேசை:

செய்முறைக்கு நான் எழுதுகிறேன்.

உப்பை விட்டுவிட்டுச் சர்க்கரைக்கு மாறுங்கள். தாய்க்கரைசல் 1 மோலார்: 34.2 கிராம் சர்க்கரையை 60 மி.லி. நீரில் கரைத்து, பிறகு 100 மி.லி. குறி வரை நீர் விட வேண்டும். 100 மி.லி. நீரை எடுத்து அதில் 34.2 கிராமைக் கொட்டினால் மொத்தம் 121 மி.லி. ஆகிவிடும், செறிவு 0.82தான் வரும். வகுப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு விடை வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கரைசலை அன்றன்றைக்குத் தயாரியுங்கள், மறுநாள் பூஞ்சை பிடிக்கும்.

இதிலிருந்து 10 மி.லி. வீதம்: 1.5 மி.லி. தாய்க்கரைசலோடு 8.5 நீர் சேர்த்தால் 0.15 மோலார், 2 மி.லி.யோடு 8 சேர்த்தால் 0.20, அப்படியே அரை அரை மி.லி.யாகக் கூட்டி 0.40 வரை ஆறு கரைசல். காட்டுவதற்கு மட்டும் 0.5 ஒன்று தனியாக.

தோல் உரிப்பதில் அவசரம் கூடாது. முதிர்ந்த, நல்ல ஊதா நிறமுள்ள இலை. கீழ்ப்புறம் மேலே இருக்கும்படி விரலில் மடித்து, சாய்வாகக் கிழித்தால் ஓரத்தில் கண்ணாடி போல ஒரு கீற்று நிற்கும். அதை இடுக்கியால் பிடித்து இழுத்து, 4 அல்லது 5 மில்லிமீட்டர் சதுரமாக நறுக்கி உடனே நீரில் போடுங்கள். கீழே பச்சைத் திசு ஒட்டியிருந்தால் அந்தத் துண்டு வேண்டாம், அடுக்கு தடித்துக் குவியம் கிடைக்காது. கிழிபட்ட ஓரத்துச் செல்கள் ஏற்கெனவே செத்தவை, நிறமில்லாமல் இருக்கும், அவற்றை எண்ணக் கூடாது.

முதலில் நீரில் வைத்து ஒரு இடத்தைப் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். அப்புறம் கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் 0.5 மோலார் சர்க்கரை ஒரு சொட்டு, எதிர் ஓரத்தில் ஃபில்டர் பேப்பர் துண்டு. மூன்று முறை இப்படி இழுத்தால்தான் உள்ளே இருந்த நீர் முழுசாக மாறும், ஒரு முறை போதாது. 10 முதல் 15 நிமிடம் பொறுக்க வேண்டும். அளவீடு செய்வதானால் ஒவ்வொரு செறிவிலும் ஒரு துண்டு, 20 நிமிடம், 50 செல் எண்ணுங்கள். பாதி செல்கள் மூலையிலாவது சுவரை விட்டு விலகியிருக்கும் செறிவுதான் தொடக்க நிலைச் சிதைவு. செல்சாற்றின் செறிவு அதுவே.

மீட்பது படிப்படியாக: 0.5இலிருந்து 0.35, ஐந்து நிமிடம். பிறகு 0.2, ஐந்து நிமிடம். பிறகு 0.1, கடைசியாக நீர். கரைசல்களில் கால்சியம் குளோரைடு 1 மில்லிமோலார் சேர்த்தால் சவ்வு இன்னும் தாக்குப்பிடிக்கும். 1.47 கிராம் டைஹைட்ரேட்டை 100 மி.லி. ஆக்கி, அதில் 1 மி.லி.யை ஒவ்வொரு 100 மி.லி.க்கும் விட்டால் சரியாக இருக்கும்.

ஒப்பீட்டுக்கு ஒரு துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து அதே 0.5இல் வையுங்கள். நிறம் வெளியேறியிருக்கும், சுருக்கமும் வராது. செல்சுவர் அங்கேயேதான் இருக்கிறது, போனது சவ்வின் உயிர் என்று இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.


ஈரடுக்கு:

மேலே சொன்ன 0.5 மோலார் ஸ்லைடில் ஐந்தாவது நிமிடம் வாக்கில் 40 மடங்கு லென்ஸை வைத்து ஓரத்தைக் கவனியுங்கள். உயிர்மம் முதலில் மூலைகளில் விலகும், ஓரம் உட்குழிந்து வளைந்திருக்கும், சில இடங்களில் சுவரோடு ஒட்டிக்கொண்டு விடாது. நேரம் ஆக ஆகத்தான் உருண்டு குவியும். கண்டென்சரைச் சற்று இறக்கி வெளிச்சத்தைக் குறைத்தால் உயிர்மத்திலிருந்து சுவருக்குப் போகும் நூல் போன்ற இழைகள் சில நேரம் தெரியும். ஹெக்டியன் இழைகள் என்பது அவற்றின் பெயர். சவ்வு சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த இடங்கள் அவை.

சுவருக்கும் உயிர்மத்துக்கும் நடுவே இருப்பது என்ன என்று தேர்வில் கேட்பார்கள். காற்று என்றும் வெற்றிடம் என்றும் எழுதுகிறார்கள். வெளியே ஊற்றிய சர்க்கரைக் கரைசல்தான் அங்கே இருக்கிறது. செல்சுவர் எல்லாவற்றையும் விட்டுவிடும், தடுப்பது சவ்வு மட்டுமே.

நீர் விஷயம். லிப்பிடு படலத்தின் ஊடாகவே ஓரளவு நீர் கடக்கும், மூலக்கூறு சிறியது, மின்சுமை இல்லை. ஆனால் சிவப்பணு, சிறுநீரகக் குழல் போன்ற இடங்களில் பார்த்த வேகத்துக்கு அது போதவில்லை. விடை 1992இல் வந்தது. பீட்டர் ஆக்ரே குழுவினர் சிவப்பணுச் சவ்விலிருந்து பிரித்த ஒரு புரதத்துக்கான ஆர்என்ஏவைத் தவளை முட்டைச் செல்லில் செலுத்தினார்கள். குளத்து நீரில் முட்டையிடும் பிராணி, அதன் முட்டை நீரை எளிதில் ஏற்காது. செலுத்தப்பட்ட முட்டைகளை நீர்த்த கரைசலில் போட்டதும் சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன. செலுத்தாதவை பெரிதாக மாறவில்லை. அந்தப் புரதம்தான் அக்குவாபோரின். ஆக்ரேக்கும் மெக்கின்னனுக்கும் 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் கிடைத்தது.

அதன் துளையின் குறுகிய இடம் 0.28 நானோமீட்டர், ஒரு நீர் மூலக்கூறின் அகலம். வரிசையாக ஒவ்வொன்றாகத்தான் போக முடியும், அப்படியும் நொடிக்குச் சுமார் 300 கோடி மூலக்கூறுகள் போகின்றன. ஆனால் ஒரு புரோட்டான்கூட (ஹைட்ரஜன் அயனி) நழுவாது. செல் தன் ஆற்றலைப் புரோட்டான் வித்தியாசமாகச் சேமிக்கிறது, அது கசிந்தால் எல்லாமே நின்றுவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே அக்குவாபோரினை வெறும் ஓட்டை என்று வகுப்பில் சொல்லக் கூடாது என்பேன்.

இந்தப் புரதங்கள் எல்லாம் படலத்தில் பதிந்திருக்கின்றன, பல மிதந்து நகரவும் செய்கின்றன. சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் சொன்ன பாய்ம மொசைக் மாதிரியின் சாரம் இது. மனிதச் சிவப்பணுச் சவ்வில் எடையில் பாதிக்குச் சற்று மேல் புரதம், சுமார் 40% லிப்பிடு. இரண்டு வருடம் முன்பே, 1970இல், ஃப்ரையும் எடிடினும் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒட்டவைத்து இரண்டின் புரதங்களுக்கும் வெவ்வேறு ஒளிர் நிறம் கொடுத்துப் பார்த்தார்கள். 37 டிகிரியில் 40 நிமிடத்தில் இரண்டு நிறமும் கலந்துவிட்டன.


பிளஸ்ஒன்_மாணவி:

வணக்கம் சார், மேடம். ஆற்றல் சார்ந்த கடத்தலுக்கு எடுத்துக்காட்டாக சோடியம்-பொட்டாசியம் பம்ப் எழுதினேன், தாவரத்துக்கு அது பொருந்தாது என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். பம்ப் என்றாலே அதுதானே? அப்புறம், குளுக்கோஸ் ஏடிபி இல்லாமலும் போகும், ஆற்றல் செலவழித்தும் போகும் என்று இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருக்கிறது. எது சரி?


உயிர்வேதி:

குறைத்தது சரிதான்மா, மனம் தளர வேண்டாம். சோடியம்-பொட்டாசியம் பம்ப் விலங்குச் செல்லுக்கு உரியது. ஒரு ஏடிபிக்கு (செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு) 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஜென்ஸ் ஸ்கூ 1957இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தார், 1997இல் நோபல் பெற்றார். நிலத்தாவரங்களில் அந்த வேலையைச் செய்வது புரோட்டான் பம்ப். ஏடிபியைச் செலவழித்துப் புரோட்டானை வெளியே தள்ளும். செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 120 முதல் 200 மில்லிவோல்ட் வரை எதிர்மின் நிலைக்குப் போகும். அந்த இழுப்பில் பொட்டாசியம் உள்ளே வரும், சர்க்கரையும் புரோட்டானோடு கைகோத்து உள்ளே வரும். இலைத்துளையின் காப்புச் செல் உப்பித் திறப்பதும் இந்தப் பம்பில்தான் தொடங்குகிறது.

குளுக்கோஸ் பற்றி இரண்டுமே சரி, இடம்தான் வேறு. சிவப்பணுவில் க்ளூட்1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. வெளியே அதிகம், உள்ளே குறைவு என்றால் அது குளுக்கோஸைப் பிடித்து, வடிவம் மாறி, உள்பக்கம் விட்டுவிடும். ஏடிபி வேண்டாம். இது எளிதாக்கப்பட்ட பரவல். கடத்திகளின் எண்ணிக்கை அளவானது, அதனால் செறிவைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு வேகத்துக்கு மேல் ஏறாது. சாதாரணப் பரவலில் வேகம் செறிவோடு நேர்கோட்டில் ஏறும். வரைபடம் கேட்டால் இந்த வித்தியாசத்தைப் போட்டுக் காட்டு.

சிறுகுடலில் கதை வேறு. அங்கே குளுக்கோஸ் குறைவாக இருந்தாலும் உறிஞ்சியாக வேண்டும். எஸ்ஜிஎல்டி1 என்ற கடத்தி 2 சோடியத்தோடு 1 குளுக்கோஸைச் சேர்த்துத்தான் உள்ளே விடும். சோடியம் உள்ளே பாயத் துடிக்கிறது, ஏனென்றால் செல்லின் மறுபக்கத்தில் பம்ப் அதை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஏடிபி செலவாவது பம்பில், பலன் கிடைப்பது குளுக்கோஸுக்கு. இதைத்தான் இரண்டாம் நிலை ஆற்றல் சார்ந்த கடத்தல் என்கிறோம். ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்த கருத்து.

இதன் அருமை காலராவில் தெரியும். காலரா நச்சு குடல் செல்லின் குளோரைடு கால்வாயைத் திறந்தே வைத்துவிடுகிறது, உப்பும் நீரும் கொட்டுகிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1ஐ அது தொடுவதில்லை. அந்த ஒரு வாசல் திறந்திருக்கும் வரை உப்பும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுத்தால் சோடியம் உள்ளே போகும், பின்னாலேயே நீர் போகும். வெறும் உப்புநீர் கொடுத்தால் அந்த வாசல் திறக்காது. 1971இல் வங்காள எல்லையில் பொங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலநபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காத்தார்.

இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலம் 2002இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவு: ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. குளுக்கோஸை மோலாக மாற்றிப் பார், 75 மில்லிமோல் வரும். சோடியத்தைக் கூட்டிப் பார், அதுவும் 75. மொத்தத் துகள் 245. இரத்தத்தின் ஏறக்குறைய 290ஐவிடக் குறைவு, அதனால் நீர் குடலிலிருந்து உடலுக்குள் இறங்கும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும், நீர் உடலிலிருந்து குடலுக்குப் போகும். இனிப்புக் குளிர்பானம் கொடுத்தாலும் அதேதான், சர்க்கரை அதிகம், உப்பு இல்லை. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் பொட்டலத்தில் எத்தனை மி.லி. என்று போட்டிருக்கிறதோ அதை அளந்து ஊற்று.


பிளஸ்ஒன்_மாணவி:

இப்போது புரிந்தது மேடம், நன்றி. கணக்கைப் போட்டுப் பார்த்தேன். குளுக்கோஸ் 75. சோடியம் உப்பிலிருந்து 44.5, சிட்ரேட்டிலிருந்து ஏறக்குறைய 30, சேர்த்தால் 75 வந்தது.


ரியோஇலை:

ஐசோடானிக் என்றால் துகள் செறிவு சமம் என்றுதான் இதுவரை சொல்லி வந்தேன். கிளிசரினைப் பார்த்த பிறகு அதுவும் சரியா என்று தோன்றுகிறது.


உயிர்வேதி:

சரியான இடத்தில் சந்தேகப்பட்டீர்கள் சார். துகள் எண்ணிக்கை சமம் என்பது ஐசோஆஸ்மாட்டிக். செல்லின் அளவு மாறாமல் இருக்கிறது என்பதுதான் ஐசோடானிக். கடக்க முடியாத பொருள் என்றால் இரண்டும் ஒன்றாகிவிடும். 0.9% உப்பு 0.154 மோலார், துகள் லிட்டருக்கு 308 மில்லிமோல், மனிதச் சிவப்பணு அப்படியே இருக்கும். அதே துகள் அளவுக்கு யூரியா 0.3 மோலார், லிட்டருக்கு 18 கிராம், எடுத்தால் சிவப்பணு சில நொடிகளில் வெடித்துவிடும். யூரியாவுக்கென்றே கடத்தி அதில் இருக்கிறது, யூரியா பாய்ந்து உள்ளே போகும், நீர் தொடரும். தாவரச் செல் என்றால் சுவர் தாங்கும், சிவப்பணுவுக்குச் சுவர் இல்லை.

இதை வகுப்பில் காட்டுவதானால் மாணவர்களின் விரலைக் குத்த வேண்டாம், தொற்று அபாயம். இறைச்சிக் கடை ஆட்டு இரத்தம் போதும்: 3.8% சோடியம் சிட்ரேட் ஒரு பங்கு, இரத்தம் ஒன்பது பங்கு, எடுத்தவுடன் கலக்க வேண்டும், இல்லையென்றால் உறைந்துவிடும். கையுறை அவசியம். ஆட்டுச் சிவப்பணு மனிதருடையதைவிட மிகச் சிறியது, எளிதில் உடையும். மனித இரத்தத்தில் 0.45 முதல் 0.5% உப்பில்தான் சிதைவு தொடங்கும் என்று புத்தகத்தில் பார்த்துவிட்டு ஆட்டு இரத்தத்திலும் அதையே எதிர்பார்க்காதீர்கள், அதைவிட அதிக உப்பு இருக்கும்போதே தொடங்கிவிடும். சோதனைக்குழாயைப் பிடித்து அச்செழுத்தைப் படிக்கப் பாருங்கள். செல்கள் முழுதாக இருந்தால் கலங்கல், எழுத்து தெரியாது. உடைந்தால் சிவப்புக் கண்ணாடி போலத் தெளிந்துவிடும்.


ஈரடுக்கு:

கிளிசரின் ஸ்லைடுக்கு ஒரு கடைசிச் சோதனை சொல்லிவிடுகிறேன் சார். “செல் மீண்டது கிளிசரின் உள்ளே போனதால்தானா, சவ்வு செத்துக் கசிந்ததாலா?” என்று கெட்டிக்கார மாணவர் யாராவது கட்டாயம் கேட்பார். நிறம் உள்ளேயே இருக்கிறது என்பது பாதி விடை. மீதி விடைக்கு, கிளிசரினில் முழுசாக மீண்ட தோலை எடுத்து 0.5 மோலார் சர்க்கரையில் வையுங்கள். பக்கத்தில் நீரிலிருந்து எடுத்த புதுத்தோல் ஒன்றையும் அதே சர்க்கரையில் வையுங்கள். புதுத்தோல் பத்து நிமிடத்தில் சுருங்கும். கிளிசரின் குடித்த தோல் அப்போது சுருங்காது, ஏனென்றால் அதன் உள்ளே செல்சாறு 0.25ஓடு கிளிசரின் 0.54உம் சேர்ந்து 0.79 இருக்கிறது, வெளியே 0.5தான். வெளிக்கரைசலை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருங்கள். கிளிசரின் வந்த வழியே மெதுவாக வெளியேறும், அதன் பிறகுதான் அந்தத் தோலும் சுருங்கத் தொடங்கும். செத்த செல் எவ்வளவு நேரம் வைத்தாலும் சுருங்காது. இரண்டு ஸ்லைடிலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டியிருக்கும்.